இமை கவிவது எதற்காக?

மேலிமைக்கும் புருவத்துக்கும் இடைப்பட்ட தோல் மிகுந்தோ தளர்ந்தோ கீழிறங்கி, இமையின் மடிப்பை மறைத்து, சிலருக்கு இமைமயிரின் வரிசையையே தொட்டு நிற்கும் நிலை கவிந்த இமை எனப்படும். இது சிலருக்குப் பிறப்பிலேயே அமைந்த முகவாகு; வேறு பலருக்கு நடுவயதைக் கடந்தபின் மெல்ல மெல்ல வந்து சேர்வது. இது ஏன் உண்டாகிறது என்று கேட்பவர் உண்மையில் இரண்டு வினாக்களைக் கேட்கிறார். எதனால் உண்டாகிறது என்பது ஒன்று. எதற்காக உண்டாகிறது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு உடற்கூற்றியல் பெரும்பாலும் நிறைவான விடை வைத்திருக்கிறது. இரண்டாம் வினாவோ தத்துவத்துக்கும் சமயத்துக்கும் உரியது. உடலுறுப்புகள் ஒரு பயனுக்காகவே படைக்கப்பட்டன என்ற வாதத்தை நிறுவக் கிரேக்கச் சிந்தனையாளர்கள் தொடக்கத்திலேயே கையிலெடுத்த உறுப்புகளுள் கண்ணிமையும் ஒன்று. ஆகவே கண்ணைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட இமையே தளர்ந்து பார்வையை மறைக்கும்போது, அந்த வாதம் தன் சொந்தச் சான்றாலேயே சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் அது தேறவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

எதனால் என்பதை முதலில் பார்க்கலாம். மேலிமையின் தோல் உடலிலேயே மிக மெல்லிய தோல். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் அடியில் கண்ணை மூடும் வட்டத் தசையும், அதற்கும் உள்ளே இமைக்கு உருவம் தரும் டார்சஸ் என்னும் உறுதியான இழைமத் தகடும் உள்ளன. கண்குழியின் ஆழத்திலிருந்து முன்னோக்கி வந்து, மெல்லிய விரிப்பாகப் பரந்து அத்தகட்டில் பொருந்தும் லிவேட்டர் தசையே இமையை உயர்த்துகிறது. அவ்விரிப்பின் சில இழைகள் தோலைப் பற்றியிருக்கும் இடத்தில்தான், கண் திறக்கும்போது தோல் உள்வாங்கி மடிப்பு விழுகிறது. வயது ஏற ஏறத் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளும் மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகளும் நலிகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இதை விரைவுபடுத்துகின்றன. கண்குழிக் கொழுப்பை உள்ளே நிறுத்தி வைத்திருக்கும் தடுப்புச் சவ்வு தளர, கொழுப்பு முன்தள்ளுகிறது. நெற்றித் தசை புருவத்தின் வெளிக்கோடி வரை முழு வலிமையுடன் எட்டாததால், புருவம் தாழும்போது வெளிப்பகுதியே அதிகம் தாழ்கிறது. இமையின் வெளியோரம் முதலில் கவிவதற்கு இது ஒரு காரணம். கண்குழியைச் சூழ்ந்த எலும்பின் விளிம்பும் முதுமையில் தேய்ந்து அகல்கிறது. இமைத்தோலின் குறையாகத் தோன்றுவது இவ்வாறு முகத்தின் மேற்பாதி முழுவதன் மாற்றமாக இருக்கிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத நிலை ஒன்று உண்டு. மிகுதித் தோல் கவிவதை மருத்துவர்கள் டெர்மட்டோகலேசிஸ் என்றும், தோல் எப்படியிருப்பினும் இமையின் விளிம்பே கீழிறங்கி நிற்பதை டோசிஸ் என்றும் வேறுபடுத்துகின்றனர். முன்னதில் திரை நீண்டுவிடுகிறது; பின்னதில் அதைத் தூக்கும் கயிறு நெகிழ்ந்துவிடுகிறது. லிவேட்டர் தசையின் விரிப்பு தகட்டிலிருந்து விலகுவதால் வரும் டோசிஸ் முதியவர்களிடம் மிகுதி; பல்லாண்டு காலம் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களிடமும், கண்புரை அறுவைக்குப் பின்னர்ச் சிலரிடமும் இது காணப்படுகிறது. இரண்டு நிலைகளும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் வழக்கம்.

பரம்பரையின் பங்கும் பெரிது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 5,500-க்கும் மேற்பட்ட முதியோரையும் பிரிட்டனின் இரட்டையர்களையும் வைத்து நடத்தப்பெற்று 2014-இல் வெளியான ஆய்வு, இமைத் தளர்ச்சியில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு மரபணுக்களால் விளக்கப்படலாம் என்று மதிப்பிட்டது. வயது, ஆண்பால், உடற்பருமன், வெளிர்நிறத் தோல் ஆகியவையும் அந்த ஆய்வில் இமைத் தளர்ச்சியோடு தொடர்புற்றிருந்தன. இத்தகைய விழுக்காடுகள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. அந்த எண் ஒரு தனிமனிதரின் இமையை மரபணுவுக்கு இவ்வளவு, வெயிலுக்கு இவ்வளவு என்று பங்கிடுவதில்லை. ஒரு மக்கள்தொகைக்குள் காணும் வேறுபாட்டைப் பற்றியே அது பேசுகிறது. குறிப்பிட்ட ஒருவருக்கு இமை ஏன் கவிந்தது என்ற கேள்விக்குக் காரணங்களைத் தொகையாகச் சொல்லலாமே தவிர, அவற்றுள் ஒன்றைச் சுட்டி இதுதான் என்று அறுதியிடுவது பெரும்பாலும் இயலாது.

இனி எதற்காக என்பது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனபன் எழுதிய சாக்ரடீசின் நினைவுக் குறிப்புகளில், வழிபாட்டை இகழும் அரிஸ்டோடெமஸ் என்பவரிடம் சாக்ரடீஸ் உடலின் அமைப்பைக் காட்டித் தெய்வத்தின் அக்கறையை நிறுவ முற்படுகிறார். அங்கே இமை வேண்டும்போது திறந்து உறக்கத்தில் மூடும் கதவாகவும், இமைமயிர் காற்றை வடிகட்டும் சல்லடையாகவும், புருவம் நெற்றி வியர்வையைத் தடுக்கும் இறவாரமாகவும் காட்டப்படுகின்றன. உலகின் ஒழுங்கிலிருந்து அதை ஒழுங்குசெய்த அறிவை ஊகிக்கும் இவ்வாதம், படைப்பு நோக்கு வாதம் எனப் பின்னாளில் பெயர்பெற்றதன் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ரோமானியரான சிசெரோ, தெய்வங்களின் இயல்பு பற்றிய தம் நூலின் இரண்டாம் பகுதியில், பால்பஸ் என்ற ஸ்டோயிக் மரபினரின் வாயிலாக இமையின் மென்மையையும் விரைவையும் இதே நோக்கில் பேசவைக்கிறார். அரிஸ்டாட்டில் இடையில் நின்றவர். கண் கூர்மையாகக் காணும் பொருட்டு நீர்த்தன்மை உடையதாயிற்று என்றும், அதனால் எளிதில் ஊறுபடும் என்பதால் இமை அமைந்தது என்றும் விலங்குகளின் உறுப்புகள் பற்றிய தம் நூலில் அவர் காரணப்படுத்துகிறார். ஆனால் அவருடைய இயற்கை வெளியிலிருந்து திட்டமிடும் தச்சன் அன்று, தனக்குள்ளேயே இலக்குடையது. இமைத்தோலில் சதை இல்லாததால் வெட்டுப்பட்டால் அது கூடாது என்றும் அவர் அங்கே எழுதிவைத்தார். உண்மையில் உடலில் மிக நன்றாக ஆறும் தோல்களுள் இமைத்தோலும் ஒன்று; கி.பி. முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் தளர்ந்த மேலிமையின் மிகுதித் தோலை வெட்டித் தைக்கும் முறையை விவரித்திருக்கிறார்.

இவர்கள் எல்லோரினும் ஆழமாகச் சென்றவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவரான கேலன். உறுப்புகளின் பயன் பற்றி அவர் எழுதிய 17 பகுதிகள் கொண்ட நூலின் பதினோராம் பகுதியில், தலைமயிரும் தாடியும் நீளும்போது இமைமயிர் மட்டும் ஏன் ஒரே அளவில், வளையாமல் நிற்கிறது என்று கேட்கிறார். நீண்டால் பார்வையை மறைக்கும், குறைந்தால் தூசியைத் தடுக்காது என்பது அதன் பயன். ஆனால் பயனைச் சொல்வது போதாது என்று கண்டது கேலனின் சிறப்பு. மென்மையான தோலில் ஊன்றிய மயிர் அவ்வாறு நிற்க முடியாது என்பதால், படைத்தவர் அதை இமை விளிம்பின் கடினமான குருத்தெலும்பில் ஊன்றினார் என்று அவர் விளக்குகிறார். இந்த இடத்தில்தான் மோசேயின் மரபோடு தமக்குள்ள வேறுபாட்டைக் கூறுகிறார்: கடவுள் நினைத்த அளவிலேயே எப்பொருளும் எவ்வடிவும் கொள்ளும் என்பது அவர்கள் கொள்கை, இயற்கையில் சில செயல்கள் இயலாதவை, இயலக்கூடியவற்றுள் சிறந்ததைக் கடவுள் தேர்கிறார் என்பது தம் கொள்கை. எல்லாம் வல்ல கடவுளுக்கும் பொருளின் இயல்புக்கு அடங்கிய கடவுளுக்கும் இடையிலான பெருவழக்கு, கண்ணிமையின் ஓரத்தில் வைத்துப் பேசப்பட்டது வியப்புக்குரியது.

கவிந்த இமையைப் பற்றி வினவுவோருக்குக் கேலனின் கொள்கையே கொஞ்சம் கைகொடுக்கிறது. பொருளுக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொண்டவர், மெல்லிய தோல்தான் விரைந்து இமைக்க வல்லது, மெல்லிய தோல் நெடுநாள் இழுபடின் தளரும், எனவே விரைவின் விலை தளர்ச்சி என்று வாதிட முடியும். மோசேயின் மரபில் நிற்பவருக்கு அந்த வழி இல்லை. அவர் தளர்ச்சிக்கு வேறொரு காரணம் தேட வேண்டும். கிறித்தவ இறையியலாளர் அகுஸ்தீனார் உடலின் நலிவையும் சாவையும் முதல் மனிதரின் பாவத்துக்குக் கிட்டிய தண்டனையாகக் கொண்டது அத்தகைய தேடலின் விளைவு. ஆனால் கேலனின் வழியும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இளமையில் பிழையற நிற்கும் ஒழுங்கைப் படைத்தவரின் அறிவுக்குச் சான்றாக எண்ணிவிட்டு, முதுமையில் அதே ஒழுங்கு குலைவதைப் பொருளின் குற்றமாகத் தள்ளிவிடுவது கணக்கில் வரவை மட்டும் எழுதுவதாகும்.

எதிர்த்தரப்பில் முதலில் தெளிவாகப் பேசியவர் கி.மு. முதல் நூற்றாண்டின் லுக்ரீசியஸ். காண்பதற்காகக் கண் தோன்றவில்லை, கண் தோன்றியபின் காட்சி என்னும் பயன் பிறந்தது என்பது அவருடைய நூலின் நான்காம் பகுதியின் வாதம். ஆனால் நோக்கமின்றி இத்தகைய பொருத்தம் எவ்வாறு வாய்த்தது என்ற வினாவுக்கு அவரிடம் போதிய விடை இல்லை. அது 1859-இல் டார்வின் இயற்கைத் தேர்வை முன்வைத்த பின்னரே கிடைத்தது. தளர்ச்சிக்கான விடை இன்னும் தாமதித்தது. 1951-இல் லண்டனில் ஆற்றி மறு ஆண்டு வெளியிட்ட சொற்பொழிவில் பீட்டர் மெடாவர், விபத்தும் நோயும் மிகுந்த இயற்கைச் சூழலில் முதுமை வரை வாழ்வோர் சிலரே ஆதலால், மகப்பேற்றுக் காலம் கடந்தபின் வெளிப்படும் குறைகளைக் களைய இயற்கைத் தேர்வுக்கு வலுவில்லை என்று காட்டினார். 1957-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ், இளமையில் நன்மை தரும் மரபணுவே முதுமையில் தீமை தரக்கூடும் என்றும், அப்போதும் அது தேர்ந்தெடுக்கப்படும் என்றும் சேர்த்தார். இவற்றின்படி இமை எதற்காகவும் கவிவதில்லை. கவியாமல் காக்கும் வேலையை எதுவும் அதற்கு மேல் செய்யாததால் கவிகிறது.

நோக்கத்தைத் துரத்திவிட்ட உயிரியலுக்குள்ளேயே அது பின்வாசல் வழியாக நுழைந்த வரலாறும் உண்டு. கிழக்காசிய மக்களில் கணிசமானோருக்கு மேலிமையில் மடிப்பு விழுவதில்லை. அவர்களுடைய தடுப்புச் சவ்வு லிவேட்டர் விரிப்போடு கீழ்நிலையில் இணைவதால், கொழுப்பு தாழ இறங்கி இமை நிறைந்து தோன்றுகிறது. கண்ணின் உள்மூலையை மூடும் எபிகாந்தல் மடிப்பும் பலரிடம் உண்டு. பனிக்காற்றையும் வெண்பனியின் ஒளிக்கூச்சத்தையும் தாங்கவே இவை தோன்றின என்ற ஊகம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. ஆனால் அதே உள்மூலை மடிப்பு ஆப்பிரிக்காவின் வெப்பப் பாலையான கலகாரியில் வாழும் சான் மக்களிடமும் காணப்படுகிறது. எல்லா இனத்தவரின் கருக்களிலும் வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் அது தோன்றுகிறது. ஒவ்வொரு உடற்கூறுக்கும் ஒரு பயன்கதை கட்டும் இப்பழக்கத்தை 1979-இல் ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் கடுமையாகக் கண்டித்தனர். அக்கண்டனம் தேவைப்பட்டது என்பதே, எதற்காக என்று கேட்கும் பழக்கம் மனிதரிடம் எவ்வளவு வேரோடியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்தியச் சமயங்களில் இமை வேறொரு பொருளைத் தாங்கி நிற்கிறது. அங்கே அது அழியும் உடம்பின் அடையாளம். மகாபாரதத்தின் நளன் கதையிலும், அதைத் தமிழில் பாடிய புகழேந்தியின் நளவெண்பாவிலும், சுயம்வர மண்டபத்தில் நளனின் உருவெடுத்து நின்ற தேவர்களைத் தமயந்தி வேறுபடுத்தி அறிய உதவிய குறிகளுள் ஒன்று அவர்களுடைய கண்கள் இமைக்காமை. வசிட்டரின் சாபத்தால் உடலை இழந்த நிமி மன்னன், மீண்டும் உடல் வேண்டாமென்று மறுத்து எல்லா உயிர்களின் கண்களிலும் தங்கியதால்தான் உயிர்கள் இமைக்கின்றன என்று விஷ்ணு புராணம் கூறுகிறது. இமைக்கும் உயிர் மூப்பெய்தும் உயிர். எனவே அதன் இமை தளர்வதில் இக்கதைகளுக்கு வியப்பேதும் இல்லை.

பௌத்தம் இதைக் கோட்பாடாகவே வகுத்தது. சம்யுத்த நிகாயத்தில் மூப்பு என்றால் என்ன என்று வரையறுக்குமிடத்தில், பல் உடைதல், மயிர் நரைத்தல், தோல் திரைதல், ஆயுள் குறைதல், புலன்கள் நலிதல் ஆகியவை அடுக்கப்படுகின்றன. இவை ஏன் வருகின்றன என்ற வினாவுக்கு அங்கே தரப்படும் விடை, பிறப்பைச் சார்ந்து மூப்பும் சாவும் வருகின்றன என்பதே. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் இக்கொள்கை சார்பிற்றோற்றம் எனப்படும். மணிமேகலையின் இறுதிக் காதைகள் தமிழில் இதை விரித்துரைக்கின்றன. இதில் தண்டிப்பவரும் இல்லை, திட்டமிடுபவரும் இல்லை. ஒரு நிலைமை இருப்பதால் இன்னொன்று இருக்கிறது என்பது மட்டுமே உண்டு. மறுபிறப்பை ஏற்பதும் ஏற்காததும் தனிவழக்கு. மூப்பைப் பொறுத்தமட்டில், எதற்காக என்ற வினாவைக் கைவிட்டு எதனால் என்ற வினாவைப் பற்றிக்கொண்ட சமயச் சிந்தனை இது ஒன்றே எனலாம். இமை கவிவதைப் பற்றிய உயிரியலின் விடையோடு மோதாமல் நிற்பதும் இதுவே.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். உயிர் பக்குவப்படுவதற்காகவே இறைவன் உடலைத் தருகிறான் என்று சைவ சித்தாந்தம் கொள்கிறது. அவ்வாறாயின் மூப்பும் பற்றொழிக்கும் பாடமாக ஒரு பயன் உடையதே அன்றோ என்று கேட்கலாம். பாடம் பெறுவோர் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றிலிருந்து மனிதர் பெற்றுக்கொள்ளும் பயன் வேறு, அது எப்பயனுக்காகத் தோன்றியதோ அப்பயன் வேறு. லுக்ரீசியஸ் கண்ணைப் பற்றிச் செய்த வேறுபாடு இங்கும் பொருந்தும். மூத்தவர் தம் கவிந்த இமையைக் கண்ணாடியில் கண்டு நிலையாமையை உணரலாம். அவர் உணர்வதற்காக அது கவியவில்லை; உணராதவருக்கும் அதே அளவில் கவிகிறது.

நோக்கத்தை நீக்கியபின் எஞ்சும் வினா, இது நோயா என்பது. சுசுருத சங்கிதை 76 கண்ணோய்களை எண்ணி, அவற்றுள் 21-ஐ இமைக்கு ஒதுக்கி, வாதத்தால் இமை அசைவிழப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. நம் காலத்தில் கிறிஸ்டோபர் பூர்ஸ் 1977-இல், நோய் என்பது ஒருவரின் வயதினருக்கும் பாலினருக்கும் இயல்பான செயற்றிறனை விட உறுப்பின் திறன் குறைவது என்று வரையறுத்தார். இதன்படி எண்பது வயதில் பார்வையை மறைக்கும் இமை அவ்வயதினருக்கு இயல்பானால் நோயாகாது. நாற்பதில் வந்தால் நோயாகும். பார்வை மறைவது இருவருக்கும் ஒன்றே என்னும்போது இந்த முடிவு பொருத்தமாகத் தோன்றவில்லை. 1943-இல் ஜார்ஜ் காங்கிலெம் எழுதிய ஆய்வேடு இதனினும் நுட்பமானது. சராசரியில் நிற்பது நலமன்று. மாறிய சூழலில் தனக்கெனப் புதிய ஒழுங்கை வகுத்துக்கொள்ளும் ஆற்றலே நலம் என்பது அவர் கருத்து. இமை கவிந்த முதியவர் தம்மை அறியாமலே நெற்றித் தசையைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்திப் பார்க்கிறார். அவருடைய நெற்றியில் ஓடும் ஆழ்ந்த கோடுகள் அந்தப் புதிய ஒழுங்கின் தடங்கள். அம்முயற்சி போதும் வரை அவர் நலமுடையவர். மாலைதோறும் நெற்றி வலித்து, மேற்புறப் பார்வை குறுகி, படியேறவும் வாகனம் ஓட்டவும் இடராகும்போது அந்த ஒழுங்கு முறிகிறது. மருத்துவர்கள் பார்வைப் புலத்தை அளந்து, தோலை உயர்த்திப் பிடித்து மீண்டும் அளந்து, வேறுபாட்டைக் கொண்டு அறுவையை முடிவுசெய்வது, காங்கிலெமைப் படிக்காமலே அவர் வழியில் நடப்பதாகும்.

பிறப்பில் அமைந்த கவிந்த இமைக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். அதில் குறைவதற்கு முன்பிருந்த நிலை என ஒன்றில்லை. 1896-இல் ஜப்பானிய மருத்துவர் மிகாமோ, மடிப்பற்ற இமையில் மடிப்பை உண்டாக்கும் அறுவையை வெளியிட்டது முதல் அது கிழக்காசியாவில் பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. விரும்புவோர் செய்துகொள்வது அவர்கள் உரிமை. அதைச் சிகிச்சை என்று அழைப்பது மட்டும் தவறு. அங்கே குணப்படுத்தப்படும் நோய் எதுவும் இல்லை. இமையின் அமைப்பைக் கொண்டு ஒருவரின் குணத்தைக் கூற முற்படும் சாமுத்திரிகமும், கிரேக்க முகக்குறி நூல்களும் இதே பிழையின் மறுபக்கம்.

எதனால் என்ற வினாவைத் தளராமல் கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் இரு கண்ணிலும் மெல்லக் கவியும் தோல் அவசரமற்றது. மாலையில் மிகுந்து காலையில் குறையும் டோசிஸ், நரம்பும் தசையும் கூடுமிடத்தைத் தாக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயின் அறிகுறியாகலாம். ஒரு கண்ணின் இமை மட்டும் திடீரென இறங்கி, அத்துடன் கடுந்தலைவலியோ இரட்டைப் பார்வையோ கண்மணி விரிவோ சேர்ந்தால், மூளையின் இரத்தக்குழாய் வீங்கி மூன்றாம் மண்டை நரம்பை அழுத்துவதாக இருக்கக்கூடும். அத்தகையவரை அடுத்த நாள் வரை காக்க வைக்காமல் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.